குழந்தையின் நீண்டகால மூளைக்காயச் சிகிச்சைக்கு ஊரில் நிதி திரட்டுவது எப்படி?

விபத்தில் தலையில் அடிபட்ட எட்டு வயதுச் சிறுமிக்கு ஆண்டுக்கணக்கில் இயன்முறைச் சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் வேண்டும், ஊரார் உதவத் தயார், எப்படித் திரட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அறுவைச் சிகிச்சைக்கு என்றால் கேட்டவுடன் கொடுப்பார்கள். அந்த அவசரம் எல்லோருக்கும் புரியும். கரண்டியைப் பிடிக்க மறுபடி கற்கும் பிள்ளைக்கு மூன்றாம் ஆண்டிலும் பயிற்சி தேவை என்பது அவ்வளவு எளிதில் புரியாது. ஆகவே மொத்தத் தொகையைச் சொல்லி மலைக்க வைக்காமல், ஒரு நாள் பயிற்சிக் கட்டணத்தையும் ஆட்டோச் செலவையும் காட்டி, மாதம் 200 ரூபாய் தரக்கூடிய 50 பேரைச் சேர்ப்பதே மேல். வரவை மொய் நோட்டுப் போல எழுதுங்கள். திருப்பிச் செய்ய வேண்டிய மொய் அல்ல இது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

உறவினர் அல்லாதோரிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் தனிநபர் கணக்கில் சேர்ந்தால் வருமான வரிச் சிக்கல் வரலாம் என்பதால், பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாகப் பெறுவது நல்லது, தணிக்கையாளரையும் கேளுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உண்டு எனக் காட்டும் பல்வகைக் குறைபாட்டுச் சான்றிதழ் கிடைத்தால், மத்திய அரசின் அமைப்பான தேசிய அறக்கட்டளையின் ‘நிரமயா’ மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. தெரபிக்கும் அதில் இடமுண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கென மத்திய அரசின் நிறுவனமும் இருக்கிறது. வசூலைத் தொடங்குமுன் அங்கே ஒருமுறை சென்று வாருங்கள்.