பைப் நல்லாயிருக்கு, பித்தளை எல்போ மட்டும் ஏன் கசிகிறது?

வணக்கம். சிபிவிசி (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) லைனில் ஷவர் பித்தளை எல்போ (பைப் திரும்பும் இடத்து வளைவு இணைப்பு) மட்டும் இரண்டாவது முறையாகக் கசிகிறது, பிளம்பர் லைன் முழுவதையும் மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டுச் சுவரை உடைக்காதீர்கள்.

கழற்றிய எல்போ இன்னும் இருக்கிறதா? மரையை ஆணியால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் போய்ச் செம்பு நிறத்தில் பொலபொலவென்று உதிர்ந்தால், தண்ணீர் துத்தநாகத்தைக் கரைத்துவிட்டது என்று அர்த்தம். சாதாரணப் பித்தளையில் துத்தநாகம் 40 சதவீதம் வரை இருக்கும். உப்புள்ள போர் தண்ணீர் அதைத்தான் முதலில் அரிக்கும். மிஞ்சுவது பஞ்சு மாதிரியான செம்பு. வெளியே வெள்ளையாகப் பூத்திருப்பதும் இதனால்தான். எங்கள் வீட்டில் ஸ்பேனர் வைத்ததுமே மரை பிஸ்கட் மாதிரி உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது.

உள்பக்கம் பளபளவென்று குழி குழியாக இருந்தால் அது வேறு: தண்ணீரின் வேகம் தேய்த்திருக்கிறது. பிரஷர் பம்ப் இருந்தால் அழுத்தத்தைக் குறையுங்கள்.

போர் தண்ணீர்தான் என்றால் டிஇசட்ஆர் பித்தளை (துத்தநாகம் எளிதில் கரையாத வகை) அல்லது கன்மெட்டல் (செம்பு, வெள்ளீயக் கலவை) கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் டைல்ஸ் உடைக்கும் செலவு மிச்சம். அப்புறம், பித்தளையோடு ஜிஐ நிப்பிள் (துத்தநாகம் பூசிய இரும்புத் துண்டுக் குழாய்) மட்டும் சேர்க்க விடாதீர்கள். அது சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.