வாயில்லாத முகங்கள்

வணக்கம் ஐயா. என் அக்காவின் மகளுக்கு 14 வயது. பிறவியிலேயே காது கேட்காது. நன்றாக வரைவாள். கோணேசர் கோயிலையும் டச் பே கடற்கரையையும் வரைந்தபோது எல்லோரும் பாராட்டினார்கள். இப்போது வரைவதெல்லாம் பெரிய பெரிய கைகள், வாயில்லாத முகங்கள். அவளுடைய மௌன உலகத்தின் சோகம் என்கிறார்கள் வீட்டில். பழையபடி அழகான காட்சிகளை வரையச் சொல்லலாமா?
— ஒரு வாசகி, உப்புவெளி, திருகோணமலை

அன்புள்ள சகோதரி,

சொல்லாதீர்கள். கோயிலும் கடலும் எங்கும் போய்விடாது. ஆசை வரும்போது மறுபடி வரைவாள்.

முதலில் அந்த ‘மௌன உலகம்’. சத்தம் கேட்டுப் பழகியவர்களுக்குத்தான் அது நின்றால் மௌனம். பிறவியிலேயே கேட்காத பிள்ளைக்கு எதுவும் நின்றுபோகவில்லை. அவள் கண்ணாலும் கையாலும் வாழ்கிறாள். கை பெரிதாக வருவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பெட்டி மில்லர் என்ற அமெரிக்க ஓவியர், அவரும் காது கேளாதவர், 1972இல் ஒரு படம் வரைந்தார். விலங்கு பூட்டிய கைகள், விரல்கள் வெட்டுண்டு கிடக்கும். 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சு வழியாகத்தான் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அப்புறம் பல நாட்டுப் பள்ளிக்கூடங்களில் சைகைக்குத் தடை. அந்தத் தடையைத்தான் மில்லர் வரைந்தார். 1989இல் வாஷிங்டனில் கலோடெட் பல்கலைக்கழகத்தில் அவரும் வேறு சில ஓவியர்களும் கூடி, இந்த வகை ஓவியத்துக்கு ‘டெவியா’ என்று பெயர் வைத்தார்கள். காது கேளாதவர் வரைவதெல்லாம் டெவியா ஆகாது. அவர் வெறும் பூவையும் வரையலாம். கேளாத வாழ்வின் அனுபவத்தை எடுத்துச் சொல்ல வரைவதுதான் டெவியா. அழுத்தமான நிறங்களும், பெரிதாக்கிய கண், வாய், காது, கைகளும் அதில் அடிக்கடி வரும். எல்லாம் சோகமும் இல்லை. சக் பேர்ட் என்ற இன்னொரு காது கேளாத ஓவியர் ஒரு பொருளையும் அதற்கான சைகையையும் ஒரே உருவமாகக் கலந்து வரைந்தார். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும்.

என்னை விடாத படம், சூசன் டூபோர் என்ற காது கேளாத ஓவியர் 1991இல் வரைந்த ‘குடும்ப நாய்’. சோபாவில் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. எல்லோர் முகமும் கலங்கித் தெரிகிறது. காது கேளாத பெண்பிள்ளை கீழே தரையில், நாயைப் போல. அந்த வீட்டார் கெட்டவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. சோறு போட்டிருப்பார்கள், தலையைத் தடவியிருப்பார்கள். பேச்சு மட்டும் அவள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்திருக்கும். பொங்கலன்று எல்லோரும் கூடிச் சிரிக்கும்போது, என்னவென்று கண்ணால் கேட்கிற பிள்ளைக்கு, "ஒண்டுமில்லை, பிறகு சொல்றன்" என்று கையைக் காட்டிவிடுகிறோமே, அதுவும் இந்தப் படம்தான்.

வாயில்லாத முகங்களுக்கு என்ன அர்த்தம் என்று நான் இங்கிருந்து ஊகிக்க மாட்டேன். அவளிடம் கேளுங்கள், அவளுடைய சைகையிலேயே. வீட்டில் யாருக்குச் சைகை தெரியும் என்று நீங்கள் எழுதவில்லை. ஒருவருக்கும் தெரியாதென்றால் அவளையே கற்றுத்தரச் சொல்லுங்கள். நான் உவர்மலையில்தான் இருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை படங்களோடு அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வணக்கத்துக்கும் பெயர் கேட்பதற்கும் உள்ள சைகையை அதற்குள் நானும் பழகி வைக்கிறேன்.