ஒரு லட்சம் என்றால் ஐந்நூற்றுச் சொச்சம்: பாலித் தீவுச் செலவு, கேள்வி பதில்

கும்பகோணத்தில் வங்கிக் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகன் சிங்கப்பூரில் இருப்பதால், அங்கிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பாலிக்கு மூன்று தடவை போய்வந்துவிட்டேன். திருச்சியிலிருந்து நேர் விமானம் இல்லை. சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ மாறிப் போகலாம். வந்த கேள்விகளில் பணம் பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

மன்னார்குடி வாசகி: ஐயா, விடுதிக்கு ஒரு நாள் வாடகை எட்டு லட்சம் என்று போட்டிருக்கிறது. படித்ததும் மூடி வைத்துவிட்டேன்.

திறந்து பாருங்கள் அம்மா, அது ரூபியா. பாலி இருக்கும் இந்தோனேசியாவின் பணம். நம் ஒரு ரூபாய்க்கு 180, 190 ரூபியா கிடைக்கும். தினமும் கொஞ்சம் ஏறி இறங்கும். ஒரு லட்சம் ரூபியா என்றால் நம் பணத்தில் ஐந்நூற்றுச் சொச்சம். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் கடையில் கைப்பேசியைத் தேட வேண்டியதில்லை. உங்கள் எட்டு லட்சம், நாலாயிரத்துச் சில்லறை.

உணவகப் பட்டியலில் 45 என்று இருந்தால் 45,000 என்று படிக்க வேண்டும். ஆயிரத்துக்கு 'ரிபு', பத்து லட்சத்துக்கு 'ஜூத்தா' என்பார்கள். பத்தாயிரம் நோட்டு ஊதா, ஒரு லட்சம் நோட்டு சிவப்பு. பகலில் குழப்பம் இல்லை; இரவில் கடற்கரைக் கடையின் மங்கல் விளக்கில் இரண்டும் ஒன்று போலத் தெரியும். என் மனைவி சிவப்பு நோட்டுகளை மட்டும் தனிச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்களுக்குத் தவறவில்லை.

பாபநாசம் வாசகர்: ரூபாயாகவே கொண்டுபோய் அங்கே மாற்றலாமா?

வேண்டாம். 25,000 ரூபாய்க்கு மேல் இந்திய நோட்டு எடுத்துப்போகவும் அனுமதி இல்லை. கொண்டுபோனாலும் விலை கட்டாது. இங்கேயே டாலர் வாங்குங்கள். அம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கினால் ரொக்கமாக வாங்கிக்கொள்ள மாட்டார்கள், வங்கிக் கணக்கிலிருந்துதான் கொடுக்க வேண்டும். நூறு டாலர் நோட்டாக, மடிப்பில்லாமல் கேட்டு வாங்குங்கள். சிறிய நோட்டுக்கும் கசங்கிய நோட்டுக்கும் அங்கே விலையைக் குறைப்பார்கள். பேனாக் கீறல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

பட்டுக்கோட்டை வாசகர்: தெருவோரக் கடைகளில் அதிக விலை தருகிறார்களாமே?

பலகையில் எழுதியிருப்பார்கள், கையில் வராது. முப்பத்து நாலு ஆண்டு நோட்டெண்ணியவன் ஏமாந்த கதையைச் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

2023இல் பாலியின் குட்டா கடற்கரைப் பகுதியில் ஒரு சந்து. துணிக்கடையின் பின்பக்கம் ஒரு மேசை. இருநூறு டாலருக்கு முப்பது லட்சத்துச் சொச்சம். அந்தப் பையன் ஐம்பதாயிரம் நோட்டுகளைப் பத்துப் பத்தாக அடுக்கினான். நானும் எண்ணினேன், சரியாக இருந்தது. 'ஒருமுறை சரிபார்க்கிறேன்' என்று நோட்டுக்கட்டைத் திரும்ப வாங்கி, மேசை விளிம்பில் தட்டி நேராக்கிக் கொடுத்தான். அந்தத் தட்டலில்தான் எட்டு நோட்டு மேசைக்குப் பின்னால் விழுந்துவிட்டது. விடுதிக்கு வந்து எண்ணியபோது நாலு லட்சம் குறைவு. நம் பணத்தில் இரண்டாயிரத்துக்கு மேல். மகனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

கடைசியாக எண்ணும் கை உங்களுடையதாக இருக்கட்டும். அதன் பிறகு அவன் கேட்டால் கொடுக்காதீர்கள். டாலரைத் திருப்பி வாங்கிக்கொண்டு எழுந்துவிடுங்கள். உரிமம் பெற்ற கடையில் 'பெரிஸின்' என்ற சொல்லோடு பலகை இருக்கும். கண்ணாடிக் கூண்டும் ரசீதும் இருக்கும், விலை பத்துக் காசு குறைவாக இருக்கும். அங்கேயே மாற்றுங்கள்.

திருவாரூர் வாசகர்: ஏடிஎம் அட்டை போதாதா சார்?

போதும் தம்பி, ஆனால் புறப்படுமுன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடு. உள்நாட்டுக்கு மட்டுமான ரூபே அட்டை அங்கே ஓடாது. வங்கிக் கிளைக்குள் இருக்கும் எந்திரமே நல்லது. இந்திய ரூபாயில் கணக்கிடவா என்று திரை கேட்டால், வேண்டாம் என்று அழுத்து. அந்த உதவிக்கு உன்னிடம்தான் காசு பிடிப்பார்கள். ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் உண்டு என்பதால் மொத்தமாக எடு. இன்னொன்று: பல எந்திரங்களில் பணம் முதலில் வரும், அட்டை பிறகுதான். பணத்தை வாரிக்கொண்டு நடந்துவிடாதே.

மயிலாடுதுறை வாசகர்: நாங்கள் நாலு பேர். விமான டிக்கெட் போக, இறங்கியதும் என்ன செலவு?

விசா ஆளுக்கு 5,00,000 ரூபியா. 2024 பிப்ரவரி முதல் சுற்றுலாப் பயணி வரி 1,50,000, குழந்தைக்கும் உண்டு. நாலு பேருக்கு 26 லட்சம், அதாவது பதினாலாயிரம் ரூபாய்ச் சுற்று. மலிவு விமானத்தில் பெட்டிக்குத் தனிக் கட்டணம். டிக்கெட் எடுக்கும்போதே கட்டிவிடுங்கள், கவுண்டரில் கொள்ளை விலை.

திருவையாறு வாசகி: அம்மா சுத்த சைவம். சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும்?

'வாருங்' என்கிற சிறு கடைகளில் சோறும் நாலு கூட்டுமாக ஒரு தட்டு 25,000 முதல் 50,000 வரை. தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தாஹு (சோயாப் பனீர்), வேர்க்கடலைக் குழம்பு ஊற்றிய காய்கறி எல்லாம் அம்மாவுக்குப் பிடிக்கும். சம்பல் என்கிற மிளகாய்த் துவையலில் மட்டும் 'தெராஸி' என்னும் இறால் விழுது கலந்திருக்கும், கேட்டுவிட்டுப் பரிமாறுங்கள். பெரிய உணவகத்தில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் வரியும் சேவைக் கட்டணமும் தனி. பெரும்பாலும் 21 சதவீதம் ஏறும். தனியாக டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை. காப்பித்தூளையும் டபராவையும் எடுத்துப்போங்கள். அங்கே அடியில் மண்டி தங்கும் காப்பி, எனக்கு ஒத்துவரவில்லை.

நீடாமங்கலம் வாசகர்: அங்கே நெல்வயலைப் பார்க்கவே காசு வாங்குகிறார்களாமே? நம் ஊரில் பஸ் சன்னல் வழியே பார்க்கலாமே!

நானும் அதையே சொல்லிக்கொண்டுதான் ஜத்திலுவிக்கு நுழைவுச் சீட்டு வாங்கினேன். போனதும் வாய் அடைத்துவிட்டது. மலைச்சரிவில் படிப்படியாக வயல். மேல் வரப்பில் வெட்டிய மடையிலிருந்து கீழ் வயலுக்குத் தண்ணீர் சலசலத்து இறங்குகிறது. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதை விவசாயிகள் கோயிலை மையமாக வைத்துக் கூடி முடிவு செய்கிறார்கள். 'சுபாக்' என்று பெயர். 2012இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஆண்டுதோறும் மறியல் செய்யும் நாம் அந்தச் சீட்டுக்காசைத் தாராளமாகக் கொடுக்கலாம். வேறு இடங்களில் வயலோரம் கட்டியிருக்கும் ஊஞ்சலுக்குச் சில லட்சம் ரூபியா கேட்பார்கள். அது தண்டம்.

வலங்கைமான் வாசகர்: மிச்சமாகும் ரூபியாவை என்ன செய்வது?

சிவப்பு நோட்டும் நீல ஐம்பதாயிரம் நோட்டும் அங்கேயே மாறிவிடும். சில்லறையை யாரும் வாங்க மாட்டார்கள். கடைசி நாள் தேங்காய் எண்ணெயோ சோப்போ வாங்கித் தீர்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டாயிரம் ரூபியா நோட்டு பதினொன்று கிடக்கிறது. பேத்தி கடை விளையாட்டில் வெண்டைக்காய்க்கு அதைத்தான் கொடுக்கிறாள், மீதி கேட்கிறாள்.