தோள்பட்டை வலிக்கு சின்ன கேமரா

கேள்வி: கல்யாண போட்டோ எடுக்கிறேன். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவும் 70-200 எம்.எம். ஜூம் லென்ஸும் தூக்கித் தூக்கித் தோள்பட்டை போய்விட்டது. சின்ன சென்சார் உள்ள மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவுக்கு மாறலாமா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: தாராளமாக மாறுங்கள். உங்கள் லென்ஸின் அபெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளையின் அளவு) எஃப் 2.8 என்றால் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ வரை வரும். ஒலிம்பஸ் 40-150 எஃப் 2.8, ட்ரைபாடில் மாட்டும் காலர் இல்லாமல் 760 கிராம்தான். ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 80-300 வரை எட்டும். தர்மபுரியில் நான் முகூர்த்தத்துக்கு அதைத்தான் கொண்டுபோகிறேன். மாப்பிள்ளை அழைப்பிலிருந்து பந்தி முடியும்வரை கழுத்தில் கிடந்தாலும் வலியில்லை.

ஆனால் பின்னணி, ஃபுல் ஃப்ரேமில் எஃப் 5.6 வைத்த மாதிரிதான் மங்கும். வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் படம் சொரசொரப்பாக வரும். அதற்கு, அதிக வெளிச்சம் வாங்கும் 25 எம்.எம். எஃப் 1.2 லென்ஸ் நல்ல துணை. பழைய ஃபுல் ஃப்ரேம் கேமராவை உடனே விற்றுவிடாதீர்கள், ராத்திரி ரிசப்ஷனுக்கு வேண்டியிருக்கும்.