கணப்பு எரிகிறது, வீடு ஏன் குளிர்கிறது?

கேள்வி: எங்கள் வீட்டுக் கூடத்தில் விறகு எரிக்கும் திறந்த கணப்பு இருக்கிறது. எவ்வளவு விறகு போட்டாலும் எதிரில் உட்காருபவருக்குத்தான் சூடு. பக்கத்து அறைகள் முன்பைவிடக் குளிர்ந்துபோகின்றன. கூடுதல் வெப்பம் கிடைக்க என்ன செய்யலாம்?

பதில்: பக்கத்து அறைகள் குளிர்வது உங்கள் பிரமை அல்ல. விறகைக் கூட்டக் கூட்ட அது அதிகமாகத்தான் செய்யும். நெருப்பு பெரிதானால் புகைபோக்கியின் இழுவையும் பெரிதாகிறது. அது இழுப்பது நீங்கள் ஏற்கெனவே சூடாக்கி வைத்த வீட்டுக் காற்றை. போன காற்றுக்கு ஈடாக ஜன்னல் இடுக்கு, கதவடி என்று கிடைத்த வழியிலெல்லாம் வெளிக்குளிர் நுழைகிறது. நெருப்பு கொழுந்துவிட்டு எரியும் நேரத்தில் தூரத்து அறை ஜன்னலின் இடுக்கில் ஊதுபத்தி ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். புகை அறைக்குள் வளைந்து வரும். திறந்த கணப்பில் விறகின் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு அறைக்குத் தேறினாலே அதிகம்.

ஆகவே முதல் வேலை காற்றைக் கவனிப்பது. கணப்பு இருக்கும் கூடத்திலேயே, அதற்கு அருகிலுள்ள ஜன்னலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் திறந்து, மற்ற அறைகளுக்குப் போகும் கதவுகளைச் சாத்திவிடுங்கள். குளிருக்கு ஜன்னலைத் திறப்பதா என்று வீட்டில் எதிர்ப்பு வரும், வரட்டும். நெருப்புக்குத் தேவையான காற்று அந்த வழியாக நேரே அடுப்புக்குப் போய்விடும். வீடு முழுவதையும் துழாவிக்கொண்டு வராது. சமையலறையில் புகை வெளியேற்றும் மின்விசிறி ஓடினால் அதையும் நிறுத்துங்கள். அது புகைபோக்கியோடு போட்டி போட்டு, புகையை அறைக்குள் இழுத்துவிடும்.

அடுத்தது விறகு. ஈர விறகின் வெப்பம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே வீணாகிறது என்பார்கள். அது பாதிக் கதைதான். பத்து கிலோ விறகில் நான்கு கிலோ தண்ணீர் இருந்தாலும், அதை ஆவியாக்க ஆகும் செலவு அந்த விறகின் மொத்த வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய நஷ்டம் வேறு இடத்தில் நடக்கிறது. ஈரம் நெருப்பின் வெப்பநிலையைத் தாழ்த்திவிடுகிறது. விறகிலிருந்து கிளம்பும் எரிவாயுக்கள் எரியாமல் புகையாகவே வெளியேறுகின்றன. அதோடு, திறந்த கணப்பு அறையைச் சூடாக்குவது பெரும்பாலும் கதிர்வீச்சால். தணல் 600 டிகிரி செல்சியஸிலிருந்து 800 டிகிரிக்கு உயர்ந்தால் கதிர்வீச்சு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். அதனால்தான் காய்ந்த விறகில் எரியும் சிறிய நெருப்பு, ஈரக் கட்டையில் எரியும் பெரிய நெருப்பை வென்றுவிடுகிறது.

விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரமானி இருந்தால் கட்டையைப் புதிதாகப் பிளந்து, பிளந்த முகத்தில் வைத்து அளவிடுங்கள். வெளித்தோலில் வைத்தால் அது பொய் சொல்லும். கருவி இல்லையென்றால் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று விழும். எரியும்போது வெட்டுமுனையில் நுரை கட்டிச் சீறினால், அந்தக் குவியலை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கிவிடுவது நல்லது. பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்றோட அடுக்கினால் மென்மரம் ஆறேழு மாதத்தில் காயும். வன்மரத்துக்கு ஓராண்டுக்குக் குறையாது, சிலவற்றுக்கு இரண்டாண்டு பிடிக்கும்.

கணப்பின் வடிவத்துக்கும் பங்கு உண்டு. வெப்பத்தை ஆராய்ந்த இயற்பியலாளர் கவுண்ட் ரம்ஃபோர்டு 1796-இல் வெளியிட்ட கட்டுரையில், ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களை முன்னோக்கி விரியும்படி சாய்த்து, புகை போகும் கழுத்தைக் குறுக்கச் சொன்னார். இன்றும் அதைவிட நல்ல வடிவத்தைத் திறந்த கணப்புக்கு யாரும் பெரிதாகக் கண்டுவிடவில்லை என்பது என் எண்ணம். இடித்துக் கட்ட மனமில்லாதவர்கள் பின்சுவரில் கனமான வார்ப்பிரும்புத் தகடு ஒன்றைச் சாய்த்து வைக்கலாம். அது சூடேறி, நெருப்பு தணிந்த பிறகும் வெப்பத்தை அறைக்குள் வீசும். சாம்பலை முழுக்க வழித்தெடுக்க வேண்டாம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் படுகை இருந்தால் தணல் நின்று கனியும்.

ஓர் எச்சரிக்கை. வெப்பம் வீணாகிறதே என்று தணல் இருக்கும்போதே புகைபோக்கியின் அடைப்புத் தகட்டை மூடாதீர்கள். நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு தணலிலிருந்துதான் அதிகம் வரும். சாம்பல் முழுக்க ஆறிய பிறகு மூடுங்கள். அப்போது மூட மறந்தாலோ, இரவு முழுக்க வீட்டின் சூடு அந்த வழியே போய்க்கொண்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம். புகைபோக்கியை ஆண்டுக்கு ஒரு முறையாவது சுத்தம் செய்யுங்கள். உள்ளே படியும் கரிப்பிசின் தீப்பிடிக்கக்கூடியது.

இவ்வளவும் செய்தால் கூடம் நிச்சயம் மேம்படும். ஆனால் முழு வீட்டையும் விறகால் சூடாக்குவதுதான் உங்கள் நோக்கம் என்றால், கணப்புக் குழிக்குள் பொருந்தும் மூடிய இரும்பு அடுப்புக்குப் பணத்தைச் செலவிடுங்கள். நல்லவை விறகின் வெப்பத்தில் 65 முதல் 75 சதவீதம் வரை அறைக்குத் தருகின்றன. பொருத்த வருபவரிடம், புகைபோக்கி உச்சி வரை துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்குவாரா என்று முதலிலேயே கேளுங்கள். பழைய அகலமான புகைபோக்கியில் இந்த அடுப்பின் புகை சீக்கிரம் குளிர்ந்து, கரிப்பிசினாகப் படிந்துவிடும்.