சில்லர் நின்றது, மீன் செத்தது: கடைக்காரர் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வீட்டில் 300 லிட்டர் உப்புநீர் மீன்தொட்டி வைத்திருக்கிறேன். மார்ச் மாதம் சென்னையில் ஒரு கடையில் 38,500 ரூபாய்க்கு, தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கினேன். "உங்க தொட்டிக்கு இது தாராளம் சார், கத்திரியிலயும் 26 டிகிரியில நிக்கும்" என்று வாட்ஸ்அப்பில் சொன்னார்கள். கடை ஆளே வந்து மாட்டிக் கொடுத்தார். மே இரண்டாம் வாரம் சில்லர் நிற்காமல் ஓடியது, தண்ணீர் மட்டும் சூடாகிக்கொண்டே போனது. நான்காம் நாள் சில்லரும் நின்றுவிட்டது. காலையில் தண்ணீர் 33 டிகிரி, பெரும்பாலான மீன்கள் செத்துக் கிடந்தன. கடையில் கேட்டால், "லோ வோல்டேஜ்ல கம்ப்ரஸர் போயிருக்கு, வாரண்டி வராது. கேஸ் போடணும்னா சென்னைக்கு வாங்க, பில்லுலயே போட்டிருக்கு" என்கிறார்கள். இழப்புப் பட்டியலும் படங்களும் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: உங்களுக்கு வழக்கு இருக்கிறது. ஆனால் அதைப் பேசுமுன் உங்கள் பட்டியலின் கடைசி வரிக்கு வருகிறேன். "ராமேஸ்வரத்திலிருந்து நண்பர் கொண்டுவந்த உயிர்ப் பவளம் 2, மதிப்பு ரூ.6,000" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி உங்கள் முழு வழக்கையும் விடப் பெரியது.

நம் கடலில் பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. எடுப்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். செத்துப்போன பவளம்தானே என்றும் தப்ப முடியாது. நண்பர் சும்மா கொடுத்தார் என்பதும் எடுபடாது. இப்படி எடுக்கப்பட்டது பிரிவு 39-இன்படி அரசின் சொத்து. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் தகவல் தந்திருக்க வேண்டும். அரசின் சொத்து செத்ததற்கு உங்களுக்கு யாரும் இழப்பீடு தர மாட்டார்கள். அதை நுகர்வோர் ஆணையத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் உங்களுக்கு எதிரான வாக்குமூலத்தை நீங்களே தாக்கல் செய்த மாதிரி.

ராத்திரியோடு ராத்திரியாக சில்வர் பீச்சில் போய்ப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். யாருக்கும் கொடுக்காதீர்கள், விற்காதீர்கள். குற்றவியல் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பார்த்து, அவர் மூலமாகவே வனத்துறையிடம் ஒப்படையுங்கள். இதை ஒரு பத்திரிகைப் பதிலை நம்பி நீங்களாகச் செய்யக்கூடாது. தொட்டியில் உள்ள லைவ் ராக் (உயிரிகள் ஒட்டி வாழும் கடல் பாறைத் துண்டு) எங்கிருந்து வந்தது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுப் பவளம் பில்லோடு வாங்கியிருந்தால் கதை வேறு. அதில் பல வகைகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்று 2024-இல் விதி வந்திருக்கிறது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். க்ளௌன் மீன்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இனி சில்லர். உங்கள் படங்களில் மூன்றாவதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சில்லர் மர கேபினட்டுக்குள் இருக்கிறது. காற்று வெளியே போகும் ஜாலிக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடம்கூட இல்லை, கதவும் மூடியிருக்கிறது. சில்லர் சூட்டை அழிப்பதில்லை, தண்ணீரிலிருந்து எடுத்து வெளிக்காற்றில் விடுகிறது. மூடிய பெட்டிக்குள் வைத்தால் தான் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். குளிர்ச்சி குறையும், நிற்காமல் ஓடும், கடைசியில் கம்ப்ரஸர் போகும். நீங்கள் சொன்ன அறிகுறிகள் இதோடு அப்படியே பொருந்துகின்றன. கடையின் வழக்கறிஞர் இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகாது. பொருளைத் தவறாகப் பயன்படுத்தியதால் வந்த கேட்டுக்கு விற்றவர் பொறுப்பில்லை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 87-ஐக் காட்டுவார்.

ஆகவே உங்கள் வழக்கு ஒரே கேள்வியில் நிற்கிறது: அதை அந்தப் பெட்டிக்குள் வைத்தது யார்? கடை ஆளே அங்கே வைத்து மாட்டினார் என்றால் அந்தத் தவறு கடையுடையது, சட்டம் அதைச் சேவைக் குறைபாடு என்கிறது. மாட்டிய அன்று எடுத்த படமோ, "மாட்டியாச்சு சார்" என்று அவர் அனுப்பிய செய்தியோ, மாட்டுக்கூலி பில்லோ இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். அவர் வெளியே வைத்துப் போன பிறகு, சத்தம் தாங்காமல் நீங்கள் உள்ளே தள்ளியிருந்தால் உங்கள் வழக்கறிஞரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். வழக்கு சுருங்கும், செத்துவிடாது.

ஏனென்றால் இன்னொரு பிடி இருக்கிறது. நீங்கள் அனுப்பிய கையேட்டுப் பக்கத்தில் "அறை வெப்பம் 30 டிகிரியில் 200 லிட்டர் வரை" என்று இருக்கிறது. கடை 300 லிட்டருக்குத் தாராளம் என்று விற்றிருக்கிறது. இல்லாத திறனை இருப்பதாகச் சொல்லி விற்பது பிரிவு 2(47)-இன்படி நேர்மையற்ற வணிக முறை. சில்லர் பழுதே இல்லை என்று ஆய்வில் வந்தாலும் இந்தக் குற்றச்சாட்டு நிற்கும். கத்திரி வெயிலில் மஞ்சக்குப்பத்து வீட்டுக்குள் 30 டிகிரிதான் இருக்கும் என்று யாராவது சொன்னால் ஆணையத்தில் இருப்பவர்களே சிரிப்பார்கள், அவர்களும் கடலூரில்தானே உட்கார்ந்திருக்கிறார்கள். புகாரில் இதையும் பழுதையும் ஒரே பத்தியில் போட்டுக் குழப்பாதீர்கள். மாட்டியதில் குறை, பொய் சொல்லி விற்றது, பழுதான பொருள் என்று தனித்தனியாக எழுதுங்கள். ஒன்று விழுந்தாலும் மற்றது தாங்கும்.

லோ வோல்டேஜ் என்பது கடையின் வாதம், அதை நிரூபிப்பது அவர்கள் வேலை. ஸ்டெபிலைசர் இருந்தால் அதன் பில்லையும் படத்தையும் சேருங்கள். அந்த நாட்களில் மின்வாரியத்தில் புகார் செய்திருந்தால் அந்த எண் இங்கே உங்களுக்கே எதிராகத் திரும்பக்கூடும், யோசித்துச் சேருங்கள். மின்சாரத்துறை மீதும் வழக்கு வேண்டும் என்றால் அதற்கு மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் தனியாக இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்பேன்.

சென்னைக்குப் போக வேண்டியதும் இல்லை. பழைய சட்டத்தில் அந்தச் சங்கடம் இருந்தது. 2019 சட்டத்தின் பிரிவு 34 நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது. பில்லின் அடியில் அச்சடித்த ஒரு வரி அந்த உரிமையைப் பறிக்காது. கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் போடுங்கள். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது.

ஒரு அவசர விஷயம். உள்ளூர் ஏசி மெக்கானிக் "திறந்து பார்த்துடலாம் சார்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். பிரிவு 38-இல் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஒரு திருகு கழன்றாலும் "இவங்கதான் கெடுத்தாங்க" என்று கடை சொல்லும். முதலில் கடைக்கும் தயாரிப்பாளருக்கும் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 15 நாளில் ஆள் அனுப்பிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், அந்த போனையும் மாற்றாதீர்கள். அச்செடுத்துக் கொடுக்கும்போது, மின்னணு ஆதாரங்களுக்கு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63 கேட்கும் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள்.

மீன் செத்தது சூட்டால்தான் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். உப்புநீர்த் தொட்டிக்கு 24 முதல் 27 டிகிரி வரை சரியான அளவு. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ அப்போதுதான் அதிகம் தேவைப்படும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் உங்களுக்கு ஒரு மணி நேரத் தூரம். அங்குள்ள ஆசிரியர் ஒருவரிடம் எழுத்துப்பூர்வமாக ஒரு கருத்து வாங்க முடிந்தால் ஆணையம் அதை மதிக்கும்.

கேட்கும் தொகையில் நிதானம் வேண்டும். சில்லரின் விலை, பில் இருக்கும் மீன்களின் விலை, நியாயமான மன உளைச்சல் தொகை, வழக்குச் செலவு, அவ்வளவுதான். 38,500 ரூபாய் பொருளுக்கு 10 லட்சம் கேட்டால் உங்கள் மற்ற கணக்கையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

அன்று இரவு பாட்டிலில் ஐஸ் போட்டு மிதக்கவிட்டதாகச் சொல்கிறீர்கள். ஒரு லிட்டர் ஐஸ் உருகினால் 300 லிட்டர் தண்ணீரில் கால் டிகிரிக்குச் சற்று மேல்தான் இறங்கும், அதனால்தான் உங்களால் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் அதைப் புகாரில் எழுதுங்கள். நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் முயன்றீர்களா என்று ஆணையம் பார்க்கும். இப்போது பிழைத்திருக்கும் ஜோடி க்ளௌனுக்காக ஃபேன் வைத்திருக்கிறீர்களே, அந்த பில்லையும் சேருங்கள். ஆவியாகும் தண்ணீருக்கு உப்பில்லாத நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றி, ஒவ்வொரு நாளும் வெப்பநிலையைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.