வழிகாட்டி நாய்க்கு வழி தெரியாது

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். அம்மாவுக்கு 57 வயது. மாலைக்கண்ணாகத் தொடங்கிய ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோயால் பக்கப் பார்வை போய்விட்டது. நேரே மட்டும் கொஞ்சம் தெரிகிறது. தனியாகக் கடைக்குப் போக ஆசைப்படுகிறார். வழிகாட்டி நாய் கிடைக்குமா? பார்வை முழுதாகப் போயிருக்க வேண்டுமா? எவ்வளவு செலவாகும்?

பதில்: பார்வை முழுதாகப் போயிருக்க வேண்டியதில்லை. வயதுக்கும் உச்சவரம்பு கிடையாது. ஆனால் விண்ணப்பிக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘கடைக்குப் போ’ என்றால் நாய் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எந்தத் தெருவில் திரும்புவது, எத்தனையாவது சாலையைக் கடப்பது என்பதெல்லாம் அம்மாவின் மனதில் இருக்க வேண்டும். நடைபாதையில் கிடக்கும் குப்பைத்தொட்டியைச் சுற்றிப் போவது, ஓரக்கல் வந்ததும் நிற்பது, படிக்கட்டைக் காட்டுவது, இவைதான் நாயின் வேலை. முன்னால் பள்ளம் இருந்தால் அம்மா போகச் சொன்னாலும் நகராது, அதற்கென்றே பழக்கியிருப்பார்கள். சிக்னல் விளக்கு அதற்குப் புரியாது. வண்டிச் சத்தத்தைக் கேட்டு, கடக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அம்மாதான்.

அதனால் வெள்ளைக்கோலில் தொடங்குங்கள். மருத்துவமனைக் கண் மருத்துவரிடம் பார்வைக் குறைபாட்டுச் சான்றிதழ் வாங்கி, உங்கள் கவுன்சிலில் பதிவு செய்யுங்கள். கோல் பிடித்து நடக்கும் பயிற்சிக்கும் அங்கேயே கேளுங்கள். இரண்டு மூன்று பாதைகள் கோலோடு பழகிவிட்டால், நாயோடு நடப்பது எவ்வளவோ எளிது.

அப்புறம் வழிகாட்டி நாய் தரும் கைடு டாக்ஸ் அறக்கட்டளை. 1931-ல் வாலசி ஊரில் ஜூடி, ஃபிளாஷ், ஃபாலி, மெட்டா என்ற நான்கு நாய்களோடு தொடங்கிய பணி அது; நன்கொடையில்தான் நடக்கிறது. நாய்க்கு விலை கிடையாது. பெயருக்கு 50 பென்ஸ் வாங்குவது அங்கே பழைய வழக்கம். தீனி, வைத்தியச் செலவு சுமையாக இருந்தால் அதற்கும் உதவுவார்கள். அம்மாவின் நடை வேகம், உயரம், அன்றாட வாழ்க்கை எல்லாம் பார்த்துத்தான் பொருத்தமான நாயைத் தேடுவார்கள். ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். பொறுமையாக இருங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: ஹார்னஸ் (பிடித்து நடக்க நாயின் உடம்பில் பூட்டும் கைப்பிடி வார்) மாட்டியிருக்கும்போது நாய் வேலையில் இருக்கிறது. யாரும் தடவிக் கொடுக்கவோ பெயர் சொல்லிக் கூப்பிடவோ கூடாது. நம் வீடுகளில் நான் மிகவும் பயப்படுவது சாப்பாட்டு விஷயத்தில்தான். விருந்துக்கு வந்த மாமி அன்போடு ஒரு உருண்டை சாம்பார் சாதம் போட்டுவிடுவார். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. பாயசத்து உலர்திராட்சை இன்னும் மோசம், சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

டாக்சியில் ஏற்ற மறுத்தால்? 2010 சமத்துவச் சட்டப்படி, மருத்துவ விலக்குச் சான்று இல்லாத ஓட்டுநர் வழிகாட்டி நாயை மறுக்க முடியாது; கூடுதல் கட்டணமும் கேட்க முடியாது. கோயிலுக்குப் போவதாக இருந்தால் மட்டும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அறக்கட்டளைக்கு முதல் போனை அம்மாவே செய்யட்டும். ஆங்கிலம் தடுமாறினால் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுங்கள், பதிலை அவரே சொல்லட்டும்.